தாய்ப்பத்திரம்

சென்னைப் பட்டணத்தில் வீடு வாங்க முற்பட்ட குடும்பஸ்தர்கள், சுவரின் கனத்தையும் கிணற்று நீரின் ருசியையும் பரீட்சிப்பதற்கு முன்பாகவே, விற்பவரின் பெட்டியிலுள்ள அசல் பத்திரங்களைக் கண்ணால் காண வேண்டும் என்று வற்புறுத்திய வழக்கம் வெறும் சந்தேக புத்தியால் விளைந்ததன்று. இந்நகரத்தைப் போன்ற சில பட்டணங்களுக்கு மட்டும் சட்டம் அளித்த ஒரு விசேஷ சலுகை அதற்குக் காரணமாக இருந்தது.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலிய நகரங்களில், கடன் வாங்குகிறவர் தம் பத்திரங்களை ஈடு வைக்கும் கருத்துடன் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் பூர்த்தியாகும் என்று அங்கீகரித்தது. அவசரமாகப் பணம் தேவைப்பட்ட வியாபாரிகளுக்கு இது பெரும் உபகாரம். ஆனால் எழுத்தும் பதிவும் இல்லாத அந்த அடமானம் சார்பதிவாளர் புத்தகத்தில் ஏறாது. ஆகையால் வில்லங்கச் சான்றிதழ் மாசுமறுவின்றி இருக்கும்போதே, வீட்டின் பத்திரம் யாரோ ஒருவரின் இரும்புப் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய வீட்டுக்காகப் பிறர் பட்ட கடனையும் தீர்க்க நேர்ந்தவர்களின் துயரத்தை எண்ணினால், "பத்திரம் தொலைந்துவிட்டது, நகல் தருகிறேன்" என்ற பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் வக்கீல்கள் பேரத்தையே நிறுத்திவைத்தது எவ்வளவு நியாயமானது என்பது விளங்கும்.

மயிலாப்பூரில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: அடிமனை யாருடையது? கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான மனைகளில் எழும்பிய வீடுகளை வாங்குகிறவர், கட்டடத்தைத்தான் வாங்குகிறார். மனைக்கு வாடகை செலுத்தும் பொறுப்பும் கூடவே வருகிறது. தியாகராய நகரின் கதை வேறு. 1920-களில் நீண்ட ஏரியை வற்றச்செய்து, நகரமைப்புத் திட்டத்தின்படி மனைகளாகப் பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைச் சூட்டிய அப்பேட்டையில், பத்திரங்களின் சங்கிலி மிகவும் குறுகியது. பல தலைமுறைப் பாகப்பிரிவினைகளையும் உயில்களையும் துருவ வேண்டிய மயிலாப்பூர் வக்கீலுக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கும்.

அக்காலக் கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. முத்திரைத்தாளில் எழுத்தரின் சாய்ந்த எழுத்து, நான்கு திசை எல்லைகளையும் சொல்லும் சக்குபந்தி, நிதி நிக்ஷேபங்களோடு புத்திர பௌத்திர பாரம்பரியமாய் அனுபவித்துக்கொள்ளும்படியான வாசகம், கிரவுண்டுக் கணக்கு, பின்புறத்தில், கையெழுத்துத் தம்முடையதுதான் என்று சார்பதிவாளர் முன் ஒப்புக்கொண்ட விற்றவரின் பெருவிரல் ரேகை. ஒரு குடும்பம் தன் மனையை மற்றொரு குடும்பத்துக்கு ஒப்படைத்த காரியம் முழுவதும் நாலைந்து தாள்களில் அடங்கிவிடுகிறது.

பணத்துக்கு வழி என்ன? 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு போன்ற நிதிகள், அங்கத்தினர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, வீட்டு ஈட்டின்பேரில் கடன் கொடுத்தன. 1906-இல் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் முறிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அழிந்ததன் பின்னர், மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் பெருமுயற்சியால் அடுத்த வருஷமே இந்தியன் வங்கி உருவாயிற்று. இந்நகரத்து நடுத்தர வகுப்பார் பணத்தைக் காகிதத்தில் வைப்பதைவிட மனையில் வைப்பதையே பெரிதும் விரும்பியதற்கு அந்த முறிவின் பீதியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பத்திர ஒப்படைப்பு பற்றிய உடன்பாட்டையும் பதிவுசெய்தாக வேண்டும் என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும், அதற்கு முந்திய ஒப்படைப்புகள் வில்லங்கத்தில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், அசல் தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க அனுபவமுள்ள வக்கீல்கள் சம்மதிப்பதில்லை.