கூச்சமும் கிச்சுக்கிச்சும்: தோட்டப்புறத்துத் தொடுகைச் சொற்கள்

மொழிப் பொழிவு என்றதும் காப்பியமும் கல்வெட்டும் நினைவுக்கு வருதல் இயல்பு. நாம் இங்கு எடுத்துக்கொண்டதோ, குழந்தையின் அக்குளில் விரல் பட்டதும் எழும் சிரிப்பையும் அதனைச் சூழ்ந்த உணர்வுகளையும் குறிக்கும் சொற்கள். பொருள் சிறிது, ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் உடலையும் மனத்தையும் எவ்வாறு இணைத்துக் கண்டது என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் காப்பி, தென்னை, ரப்பர், செம்பனை எனப் பயிர்கள் மாறி வந்தன. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான். அப்பெயரிலேயே நம் தென்னைமரம் நிற்கிறது. தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை, கங்காணிகள் வழியே திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டத்தார் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்தம் வட்டார வழக்குகள் லயத்து வீடுகளில் ஒன்றோடொன்று கலந்தன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற தாய்மார் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். பள்ளித் தமிழுக்கு முன்பே குழந்தை கற்ற தமிழ், அக்கொட்டகைத் தமிழே.

அத்தமிழை நாம் ஒருமுறை அவமதித்ததுண்டு. இளம் ஆசிரியராக இவ்வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலம். ஆயா தன்னைக் கிச்சுக்கிச்சு மூட்டி எழுப்புவார் என்று ஒரு மாணவி கட்டுரையில் எழுதியிருந்தாள். அதைக் கொச்சை எனச் சிவப்பு மையால் அடித்து, 'நகைப்பூட்டி' என்று திருத்தினோம். "சார், அப்படின்னா ஆயா கதை சொல்லிச் சிரிக்க வெச்சாங்கன்னு ஆயிடுமே?" என்றாள் அவள். நம்மிடம் விடை இல்லை.

அவள் கேட்டது இலக்கணக் கேள்வி. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். இவை நான்கும் மனம் அறிந்து நகும் நகை. விரல் பட்டுப் பிறக்கும் சிரிப்போ உடலின் சிரிப்பு. அதற்குத் தனிச்சொல் வேண்டும், அதுவே கிச்சுக்கிச்சு. 'கிச்சு' எனத் தனித்து நின்று பொருள் தராமையால் இஃது இரட்டைக்கிளவி. உடன்வரும் வினையும் நோக்கத்தக்கது. தீயை மூட்டுகிறோம், சினத்தை மூட்டுகிறோம். அவ்வாறே பிறர் உடலில் இதனையும் மூட்டுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் கிச்சுக்கிச்சு இடம்பெற்றுள்ளது. நாம் கொச்சை என்று அடித்த சொல்லை அகராதி ஏற்றிருந்தது.

இதற்கு இணையான வழக்கு 'கூச்சம் காட்டுதல்'. கூசு என்னும் வினையடியிலிருந்து கூச்சம் பிறந்தது. வெயிலில் கண் கூசும். புளிப்பில் பல் கூசும். பொய் சொல்ல நாக் கூசும். புதியவர் முன் பிள்ளை கூசும். மென்மையான ஒன்று, தாங்கவியலாத ஒன்று நெருங்கும்போது தன்னுள் ஒடுங்குதலே இவையனைத்திற்கும் பொது. உடற்கூச்சத்தையும் நாணத்தையும் தமிழர் ஒரே சொல்லால் வழங்கினர்.

குறுகுறுப்பு வேறு வழி சென்றது. எறும்பு ஊர்ந்தால் தோல் குறுகுறுக்கும். தவறு செய்தவன் மனமும் குறுகுறுக்கும். கிளுகிளுப்போ காமச் சுவையின் பக்கம் சாய்ந்தது. கிச்சுக்கிச்சு மட்டும் பெரும்பாலும் குழந்தையோடு தங்கிவிட்டது. ஸ்டான்லி ஹால், ஆர்தர் ஆலின் என்னும் அமெரிக்க உளவியலார் 1897இல், தோலை மெல்ல வருடும் உணர்வையும் அழுத்தித் தொட்டுச் சிரிப்பூட்டும் உணர்வையும் பிரித்துக் கிரேக்க வேரிலிருந்து இரு பெயர்கள் இட்டனர். குறுகுறுப்பு, கிச்சுக்கிச்சு என்னும் பாகுபாடு தமிழ்ப் பேச்சு வழக்கில் இயல்பாகவே உள்ளது.

உறவு மொழிகளில் மலையாளம் 'இக்கிளி' என்னும். கன்னடம் 'கசகுளி' என்னும். தெலுங்கு 'கிலிகிந்த' என்னும். இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்தியாவில் மொழிக்குடும்ப எல்லையையும் கடந்து பரவியிருத்தலை எமனோ 1969இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். நம் அண்டை மொழியான மலாயில் 'கெலி' என்பது கூச்சத்தோடு அருவருப்பையும் குறிக்கும். தமிழில் நாணத்தை நோக்கிச் சென்ற உணர்வு மலாயில் அருவருப்பை நோக்கிச் சென்றது. எது உயர்ந்தது என்பது வினாவன்று. இரண்டும் வெவ்வேறு பார்வைகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் ஒரு பார்வை மறையும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர வீடுகளுக்குப் பெயர்ந்தபின் ஆயாக் கொட்டகைகளும் மறைந்தன. கல்விச் சொற்களைப் பாடநூல் காக்கும். தொடுகைச் சொற்களைக் காக்க ஏடு போதாது. அவை தொடும் கையோடு சேர்ந்தே கைமாறுவன. மேலும், "கூசுது, வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்குத் தன் உடலைக் காக்கும் முதற்சொல் தாய்மொழியிலேயே கிடைத்துவிடுகிறது. அச்சொல்லைக் கேட்டதும் கையை எடுத்துவிடுதல் பெரியோர் கடன்.

ஆசிரியர்களே, மாணவர் ஏட்டில் இத்தகைய சொல்லைக் கண்டால் சிவப்பு மையை எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள். அச்சொல் செய்யும் வேலையைச் செய்ய வேறு சொல் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். மாணவர்களே, வீட்டு மூத்தோரிடம் இச்சொற்களைக் கேட்டு, ஊர்ப்பெயரோடு குறித்து வையுங்கள். அன்று அம்மாணவிக்கு நாம் தராத விடையை இப்பொழிவில் எழுதி வைக்கிறோம்: அவள் எழுதியதே சரி.