ஏட்டுப் பிழையும் உயிர்க் கிளையும்

அறிவியலிடம் இலக்கியத்தார் என்றும் கடன்பட்டவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கொடுத்தோர் வரிசையிலும் நமக்கு இடமுண்டு என்பதைக் குலமரபு மரம் என்னும் ஒரு கருத்தின் வரலாறு காட்டும்.

ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை செய்வர். அடுத்து எழுதுவோர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவர். தற்செயலாக நேர்ந்திருக்க இயலாத ஒரே பிழை இரு சுவடிகளில் காணப்படின், அவை ஒரு தாய்ச்சுவடியின் வழிவந்தவை எனக் கொள்ளலாம். இந்நெறியில் சுவீடன் நாட்டு அறிஞர் ஷ்லீட்டர் 1827இல் பழஞ்சட்ட நூலொன்றின் சுவடிகளைக் கிளைகளாக வரைந்து காட்டினார். செருமானிய அறிஞர் லாக்மன் 1850இல் வெளியிட்ட லுக்ரீஷியஸ் பதிப்பு இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

மொழிநூலாரும் இவ்வழியே நடந்தனர். 1786இல் வில்லியம் ஜோன்ஸ், சமற்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்று பிறந்தவையாதல் வேண்டும் என்றார். 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் தென்மொழிகளின் உறவை நிறுவினர். 1853இல் ஷ்லைகர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளை மரமாகவே வரைந்தார். டார்வினின் பெருநூல் வெளிவந்தது 1859இல். அதில் இடம்பெற்ற ஒரே படம் கிளைவிடும் கோடுகளால் ஆனது. உயிர்களை வகைப்படுத்தும் முறையை விளக்க அவர் எடுத்துக்காட்டியது மொழிகளின் வழிமுறையையே. 1863இல் ஷ்லைகர் உயிரியலார் ஹெக்கலுக்கு மடல் வடிவில் ஒரு நூல் எழுதி, இரு துறைகளின் ஒப்புமையை வலியுறுத்தினார். 1866இல் ஹெக்கல் உயிரினங்களுக்கு விரிவான மரங்களை வரைந்தளித்தார்.

இவ்வொப்புமை முழுதும் கடன் அன்று. படியெடுத்தல் நிகழும் இடமெல்லாம் பிழை நிகழும்; பிழை நிகழும் இடமெல்லாம் வரலாறு பதியும். 1953இல் டி.என்.ஏ.வின் அமைப்பு தெளிவான பின்னர் உயிரணுவும் ஒரு படியெடுப்போன் என்பது விளங்கிற்று. 1965இல் சுக்கர்கண்டலும் பாலிங்கும் மூலக்கூறுகளைப் பரிணாம வரலாற்றின் ஆவணங்கள் என்றே அழைத்தனர். படியெடுத்தல், மொழிபெயர்த்தல் என்பன இன்று உயிரியல் பாடநூலின் கலைச்சொற்கள்.

கொடுத்த கடன் வட்டியுடன் மீண்டது. 1998இல், மரபணு ஆய்வுக்கென அமைந்த கணினி முறையால் சாசரின் காண்டர்பரிக் கதைகளில் ஒரு பகுதியின் 58 சுவடிகள் ஆராயப்பட்டன. 2018இல் அத்தகைய முறையால் 20 திராவிட மொழிகளை ஆராய்ந்தோர், அக்குடும்பத்தின் அகவை ஏறத்தாழ 4500 ஆண்டுகள் எனக் கணித்தனர்.

மரத்திற்கும் எல்லை உண்டு. அண்டை மொழிகள் சொற்களைக் கடன் கொள்ளும். 1872இல் யோகானஸ் ஷ்மிட் இதனை அலைக்கு ஒப்பிட்டார். இரு சுவடிகளை அருகருகே வைத்து எழுதுபவன் கிளைகளைக் கலக்கிறான். நுண்ணுயிர்களும் தம்முள் மரபணுக்களைப் பக்கவாட்டில் மாற்றிக்கொள்கின்றன. மூன்று துறைகளும் ஒரே இடத்தில் இடறியதே அவற்றின் உறவுக்குச் சான்று எனலாம்.

ஆதலின் வேறுபாடுகளே வரலாற்றின் தடயங்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டு நோக்கிய உழைப்பின் அருமை இங்கே புலனாகும். பாடபேதங்களை வீண்சுமையென நீக்கி, ஒரு பாடத்தை மட்டும் அச்சிடும் பதிப்பு, படிப்பதற்கு எளிது. ஆயின் நூல் நடந்துவந்த வழியை அது அழித்துவிடுகிறது. அச்சேறாத வேறுபாடு, ஏடு செல்லரித்த நாளில் என்றென்றைக்கும் மறையும். எந்தக் கணினியும் அதனை மீட்டுத் தராது.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்கள் பழம்பாடலொன்றை எடுத்தாளும்போது, பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் நிற்கும் பாடபேதத்தையும் ஒருமுறை நோக்குவார்களாக. உயிரியலார் தம் ஆய்வுக்கூடத்தில் தேடுவதும் அத்தகைய சிறு வேறுபாட்டையே.