நாடாவில் எஞ்சிய தவில்

காங்கேசன்துறையை அடுத்த மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முதலான ஸ்தலங்களின் உற்சவங்களாற் போஷிக்கப்பட்ட மங்கள இசை மரபில், விசுவலிங்கம் என்னும் தவில் வித்துவானின் புதல்வராய் 1933-இல் தோன்றி, அளவெட்டியில் வாழ்ந்து, 1975-இல் அகாலமாய் மறைந்த தட்சிணாமூர்த்தியின் தவில் வாசிப்பு, இன்று பழைய ஒலிப்பதிவுகளின் பிரதிகளாகவே நமக்குக் கிடைக்கிறது; அவற்றைத் துலக்குதல் எளிதன்று.

அவர் ஜீவித்திருந்த 1973-இல் பிங்க் ஃபிளாய்டு குழுவினர் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்னும் விண்வெளி ராக் இசைத்தட்டு, 2023-இல் புதுமெருகுடன் மீண்டும் வந்தது. லண்டன் ஆபி ரோடு கூடத்தில் வாத்தியங்கள் பல தடங்களிற் பிரிந்து பதிவானமையால், ஒவ்வொன்றையும் தனியே திருத்துதல் அதற்குச் சாத்தியம். கோயில் வீதியிற் பதிந்த கச்சேரியிலோ நாகசுரம், தாளம், ஜனத்திரளின் ஆரவாரம் யாவும் தவிலோடு கலந்தே ஒலிநாடாவில் ஏறும். இரைச்சலை மிகுதியாய் வடிகட்டினால், கூடணிந்த வலக்கை விரல்கள் எழுப்பும் கூரிய நாதமும் உடன் மழுங்கி, இடக்கைக் கழியின் முழக்கமே எஞ்சும். அது அம்மகா வித்துவானுக்கு இழைக்கும் அநீதி. சிறிது இரைச்சலோடு விடுதலே உத்தமம் என்பது என் துணிபு.

இத்தகைய நாடாக்களை வைத்திருந்திருக்கக்கூடிய காங்கேசன்துறை மக்கள் 1990-இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தனர். சிதறிய அக்குடும்பங்களில் எவரிடமேனும் நாடா இருக்குமாயின், காந்தப் பூச்சு உதிருமுன் அதனைப் பிரதி செய்தல் வேண்டும்.