தூரத்துத் தண்ணியும் காலடித் தண்ணியும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "உங்க தொழில் சம்பந்தமா எழுதுங்க, ஆனா ஃபார்முலா எல்லாம் வேண்டாம்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். என் தொழில் தண்ணீர். கடல்நீரை மெம்பரேன் வழியாக அழுத்திக் குடிநீராக்கும் இயந்திரங்களோடு பத்து வருடத்துக்கு மேலாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பது அடையாறில், பின்பக்கம் ஓர் உறைகிணறு உள்ள பழைய ஃபிளாட்டில். ஆகவே நம் ஊரின் மிகப் பழைய வாக்குவாதம் ஒன்றில் இரண்டு கட்சியிலும் எனக்கு ஒரு கால் உண்டு.

அந்த வாக்குவாதத்தைக் கேட்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். மே மாதக் காலையில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ, தி.நகர் பனகல் பார்க்கிலோ நாலு ரவுண்டு நடந்தால் போதும். "கடல் இவ்வளவு பக்கத்துல இருக்கு, பிளான்ட் போட்டு எடுக்க வேண்டியதுதானே சார்" என்பார் ஒருவர். "கரண்ட் பில்லை யாரு கட்டறது? பெய்யற மழையைப் பிடிக்கத் துப்பில்லை" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அரசியலுக்குள் நுழைவார். நதிநீர் இணைப்பு, ஆந்திரா, கர்நாடகம் எல்லாம் வரும். நவம்பரில் முதல் புயல் சின்னம் உருவானதும் விவாதம் அப்படியே நின்றுவிடும். அடுத்த மே மாதம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

என் கணக்கில் இந்தச் சண்டைக்கு நூற்றைம்பது வயது. ஒரு பக்கம் தூரத்துத் தண்ணீர்; அதாவது எங்கிருந்தோ குழாயிலோ கால்வாயிலோ கொண்டுவருவது. மறுபக்கம் காலடித் தண்ணீர். பெய்ததை இங்கேயே தேக்கி, இங்கேயே இறைப்பது.

ஆரம்பத்தில் எல்லாமே காலடிதான். கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772-இல் ஆரம்பித்த ஏழு கிணறு திட்டமும் ஊருக்குள் இருந்த ஊற்றை நம்பித்தான். மயிலாப்பூர்க்காரர்களுக்குக் குளம், மாம்பலத்துக்காரர்களுக்கு ஏரி, கடலோரக் குப்பங்களுக்கு மணலில் தோண்டிய கிணறு. 1872-இல் புழல் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1914-இல் அங்கே வடிகட்டும் நிலையம் வந்தது. அதை நிர்மாணித்த மாநகராட்சிப் பொறியாளர் மேட்லியின் பெயரில்தான் தி.நகர் மேட்லி ரோடு. மழை பெய்தால் முதலில் மூழ்கும் மேட்லி சப்வேயும் அதே புண்ணியவான் பெயரில் இருப்பது அவர் ஜாதக விசேஷம்.

குழாய் வீட்டுக்குள் வந்ததும் ஏரியின் மேல் ஜனங்களுக்கு இருந்த மரியாதை குறைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. தியாகராயச் செட்டியார், பனகல் ராஜா என்று அக்கட்சியின் வரலாறு முழுக்க அந்தப் பேட்டையின் பெயர்களில் இருக்கிறது. ஏரி மட்டும் மேற்கு மாம்பலத்து 'லேக் வியூ ரோடு' என்ற பெயர்ப் பலகையில் இருக்கிறது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது அந்தப் பலகையை நினைத்துக்கொண்டேன். ஏரி தன் பழைய அட்ரஸைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதன் பிறகு தூரத்துத் தண்ணீரின் காலம். சத்தியமூர்த்தி 1939-இல் மேயராக இருந்தபோது போராடிப் பெற்ற பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். பூண்டியும் போதவில்லை. 1967-க்குப் பிறகு வீராணம் திட்டம் வந்தது. கடலூர் பக்கத்து ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ராட்சத சிமென்ட் குழாய்களில் தண்ணீர் கொண்டுவருவதாக ஏற்பாடு. திட்டம் பாதியில் நின்றது; ஊழல் புகார் சர்க்காரியா கமிஷன் வரை போனது. குழாய்கள் சாலையோரங்களில் வருஷக்கணக்கில் கிடந்தன, அவற்றுக்குள் குடும்பங்கள் குடியேறின. சீனியர்கள் பலர் கண்ணால் பார்த்திருப்பார்கள். நான் கேட்டதோடு சரி.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் அந்தக் குழாய்கள் கிடந்த காலத்தில்தான், 1980-இல் மேடையேறியது. அடுத்த வருடம் பாலசந்தர் படமாக எடுத்தார். கதை நடப்பது வறண்ட அத்திப்பட்டியில். பார்த்த மெட்ராஸ்காரர்கள் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அடி பம்பு அடித்திருப்பார்கள்.

1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. கிருஷ்ணா நீரை விட்டுக்கொடுக்க, வழியில் ஆவியானது போக 12 டி.எம்.சி. நமக்கு என்று கணக்கு. முதல் தண்ணீர் 1996-இல்தான் வந்தது. அதன் பிறகும் பெரும்பாலான வருடங்களில் 12 வந்து சேரவில்லை. காகிதத்தில் இருக்கும் டி.எம்.சி.யைச் சம்ப்பில் ஊற்ற முடியாது.

இந்தக் காலம் முழுக்கக் காலடித் தண்ணீரை யாரும் கேட்டுவிட்டு எடுக்கவில்லை. போர் போட்டார்கள், மோட்டார் போட்டார்கள். தனி வீடுகள் ஃபிளாட்டுகள் ஆயின. 1987-இல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டமே வந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, தண்ணீர் லாரியில் போய்க்கொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் இன்ஜினீயரிங். (ஃபார்முலா இல்லை, பயப்படாதீர்கள்.) பெசன்ட் நகர், திருவான்மியூர், அடையாறு கடலோரத்தில் தரைக்குக் கீழே மணல். அதில் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெத்தை மாதிரி மிதக்கிறது. நல்ல நீர் எடை குறைவு, கடல்நீர் எடை அதிகம்; அந்தச் சிறிய வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள்: மேலே 1 மீட்டர் இறைத்துத் தீர்த்தால், கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். ஒரே ராத்திரியில் ஏறாது, வருஷக்கணக்கில் ஏறும். ஒருநாள் காலையில் காப்பி திரியும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டு பேசிய சிலரில் முக்கியமானவர் சேகர் ராகவன். இயற்பியல் படித்தவர். 1990-களில் பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் "மாடித் தண்ணீரைத் தெருவில் விடாதீர்கள், கிணற்றில் விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்று மழையைப் பற்றிப் பேசுபவரை நம் ஊரில் எப்படி வரவேற்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? அமெரிக்காவில் வசிக்கும் ராம் கிருஷ்ணனோடு சேர்ந்து ஆகாஷ் கங்கா அறக்கட்டளையைத் தொடங்கினார். 2002 ஆகஸ்டில் மந்தைவெளியில் மழை இல்லம் திறந்தார்கள். திறந்து வைத்தவர் முதலமைச்சர் ஜெயலலிதா.

மறுவருடம் மழை பொய்த்தது. 2003 ஜூலையில் அவசரச் சட்டம் வந்தது: தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், கெடு ஆகஸ்ட் 31, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். மந்தைவெளியில் தாத்தா வீட்டில் குழாயில் காற்றுதான் வரும். தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, அதைச் சுற்றி எல்லாக் கலரிலும் பிளாஸ்டிக் குடங்கள். அந்தத் தெருவில் அந்த வருஷம் நடந்த விவாதம் மாதிரி நான் பிறகு எந்த செமினாரிலும் கேட்டதில்லை. எதிர்வீட்டு மாமி, "இருக்கற தண்ணியையே காணோம், வராத மழைக்குக் குழி வெட்டச் சொல்றாளே!" என்பார். தாத்தா விடமாட்டார்: "பாங்க்ல போடாம வட்டி கேட்டா எப்படி?" இரண்டு பேரும் குழி வெட்டினார்கள். மாமியின் குழி ஓர் அடி ஆழம், மேலே உடைந்த செங்கல். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தாத்தா மாடிக் குழாயை நேராக உறைகிணற்றில் விட்டார்.

சட்டத்தின் பலவீனம் அங்கேயே இருந்தது. திருவான்மியூர் மணலில் ஒரு சின்னக் குழிகூட வேலை செய்யும். தி.நகர்க் களிமண்ணில் அதே குழி கொசு வளர்க்கும். அங்கே களிமண்ணைத் தாண்டி இறங்கும் ஆழமான கிணறு வேண்டும். எல்லா இடத்திலும் குழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டம் பெரிய காரியம் என்றே நான் சொல்வேன். காலடித் தண்ணீருக்கு ஓர் அரசாங்கம் முழு பலத்தையும் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். 2005-இல் மழை கொட்டித் தீர்த்தது, கிணறுகள் ஊறின, பேச்சும் நின்றது.

பிறகு தூரத்துக் கட்சி மறுபடி ஜெயித்தது. புதிய வீராணம் 2004-லேயே இரும்புக் குழாயில் வந்துவிட்டிருந்தது. 2010-இல் மீஞ்சூரில் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீர் நிலையம். தென்சென்னைக்காக நெம்மேலியில் அதே அளவில் இன்னொன்று: அடிக்கல் 2010-இல் தி.மு.க. ஆட்சியில், திறப்பு 2013-இல் அ.தி.மு.க. ஆட்சியில். குழாய் விஷயத்தில் இரண்டு கழகத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது! 2024 பிப்ரவரியில் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டரில் இன்னொரு நிலையமும் திறந்தார்கள்.

என் சோற்றில் நானே மண் போடக் கூடாது. இருந்தாலும் கணக்கைச் சொல்கிறேன். 1,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். 10 கோடி லிட்டருக்குத் தினம் மூன்று லட்சம் யூனிட்டுக்கு மேல். எடுத்த கடல்நீரில் பாதிக்கு மேல் இரட்டை உப்போடு திரும்பக் கடலுக்கே போகிறது. கரை அரிப்பைப் பற்றியும் உப்புக் கழிவைப் பற்றியும் சூலேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள் புகார் சொன்னார்கள். பூங்காவில் நடக்கும் விவாதத்தில் அவர்கள் குரல் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் அங்கே வாக்கிங் வருவதில்லையே.

சரி, மழைக் கட்சி சொல்வது மட்டும் முழுசாகச் சரியா? ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. சென்னையில் வருஷ மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு சொட்டு விடாமல் பிடித்தால் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், அந்த கிரவுண்டில் தாத்தா காலத்துத் தனி வீட்டில் இருந்த ஐந்து பேருக்கு வருஷம் முழுக்கப் போதும், மிச்சமும் இருக்கும். அதே கிரவுண்டில் இன்று எட்டு ஃபிளாட், 32 பேர். அவர்களுக்கு 72 நாள் வரும். மீதி 293 நாளுக்கு எங்கிருந்தாவது வந்துதான் ஆக வேண்டும். ஆக, தனி வீட்டு மயிலாப்பூரை மனசில் வைத்துப் பேசுகிறவரும் ஃபிளாட் மயிலாப்பூரில் குடியிருப்பவரும் இரண்டு வெவ்வேறு ஊரைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் அந்த 72 நாள் எந்த 72 நாள் என்பதுதான் விஷயம். 2019 ஜூனில் ஏரிகள் நான்கும் வறண்டன. ஓ.எம்.ஆர். கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. மெஸ்களில் மதியச் சாப்பாடு நின்றது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது: 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள். நகரத்தின் ஒரு நாள் தேவையோ 80 கோடி லிட்டருக்கு மேல்; ரயில் கொண்டுவந்தது ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்த மாதம் எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் இல்லை. இரண்டுக்கும் மண் ஒன்று, மழை ஒன்று. எங்கள் மாடிக் குழாய் கிணற்றில் விழுகிறது, அவர்களுடையது தெருவில்.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. கழிவுநீரையே சுத்தம் பண்ணித் திரும்ப உபயோகிப்பது. சிங்கப்பூர் 2003-இலிருந்து செய்கிறது. நம் ஊரிலும் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் நிலையங்கள் 2019-இல் வந்தன. அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கடல்நீரை விட இதில் உப்பு குறைவு, கரண்ட் செலவும் குறைவு. ஆனால் இதைப் பற்றி எங்கள் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்தால் "சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள்.

அந்தச் சங்கக் கூட்டத்தில் போன வருஷம் இன்னொரு போர் போடலாமா, கிணற்றைத் தூர் வாரலாமா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை. ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவர்தான் வழி கண்டார்: "இப்ப எவ்வளவு அடியில தண்ணி இருக்கு? யாருக்காவது தெரியுமா?" ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு கயிறு, நுனியில் கல், நாற்பது பக்க நோட்டு. மாதம் முதல் தேதி வாட்ச்மேன் அண்ணன் அளந்து எழுதுகிறார். ஜூனில் 21 அடி, அக்டோபரில் 17, டிசம்பரில் 8. போர் போடும் யோசனையைத் தள்ளிவைத்து, தூர் வாரினோம்.

நம் கல்லூரி விடுதியின் பின்னால் பம்ப் ரூமை ஒட்டி ஒரு பெரிய கிணறு உண்டு. என் பேட்ச்காரர்களுக்கு அது வேறு காரணங்களுக்காக ஞாபகம் இருக்கும். இப்போது அதற்கு இரும்பு வலை போட்டிருக்கிறார்கள். மாணவ நண்பர்கள் யாராவது முன்வந்தால் கயிறும் நோட்டும் நான் வாங்கித் தருகிறேன். கல்லை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.