பண்டிகைத் தேதியும் பக்கத்துத் திரையும்

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வந்தால் படம் தப்பித்துக்கொள்ளும் என்பது கோடம்பாக்கத்தின் பழைய நம்பிக்கை. அதற்குச் சான்றாக ஒரு பட்டியலும் எப்போதும் கைவசம் இருக்கும்: 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’, 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’, 1995 பொங்கலுக்குப் ‘பாட்ஷா’. பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே பண்டிகைகளுக்கு வந்து இரண்டாம் வாரமே பெட்டி திரும்பிய படங்களை யாரும் பட்டியல் போட்டு வைப்பதில்லை. வென்றவற்றை மட்டும் எண்ணினால் தேதிக்கு ராசி இருப்பதாகத்தான் தோன்றும்.

பண்டிகைத் தேதியால் பலனே இல்லை என்று நான் வாதிடவில்லை. அந்தப் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் வணிக வட்டாரத்தின் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. உச்ச நட்சத்திரத்தின் படம் எந்த நாளில் வந்தாலும் முதல் மூன்று நாள் அரங்கு நிறைந்துவிடும். பண்டிகை கொண்டுவரும் கூடுதல் கூட்டம் பெரும்பாலும் அதற்குப் பக்கத்துத் திரையில் ஓடும் இரண்டாவது படத்துக்கே உதவுகிறது, அதுவும் படத்தைப் பற்றிய வாய்மொழிப் பேச்சு நன்றாக இருந்தால் மட்டும்.

அமெரிக்கத் திரைத்துறையை ஆராய்ந்த பொருளியலாளர் லிரான் ஐனாவ், 2007இல் ராண்ட் பொருளியல் இதழில் எழுதிய கட்டுரை இங்கே துணைக்கு வரும். 1985 முதல் 1999 வரையிலான வாராந்தர வசூலை எடுத்துக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: விடுமுறை வாரங்களில் வசூல் உயர்வது மக்கள் அதிகமாகப் படம் பார்க்க விரும்புவதாலா, நல்ல படங்களும் பெரிய படங்களும் அந்த வாரங்களிலேயே வந்து குவிவதாலா? இரண்டுமே காரணம் என்பது அவர் கண்ட விடை. மக்களின் விருப்பம் பருவத்துக்கேற்ப மாறுகிறது, ஆனால் வசூல் கணக்கில் தெரியும் அளவுக்கு அல்ல. படங்களின் குவிதல் அந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. விடுமுறைக்கு முண்டியடிக்கும் படங்களில் சில ஓரிரு வாரம் தள்ளி வந்தால் மொத்த வசூல் கூடும் என்றும் அவர் முடிவு சொன்னார்.

தமிழில் இந்த ஆய்வை அப்படியே செய்ய முடியாது. நம்பத்தக்க, தணிக்கை செய்யப்பட்ட வசூல் விவரம் இங்கே பொதுவெளிக்கு வருவதில்லை. சுவரொட்டியில் அச்சாகும் கோடிகளை ஆய்வுச் சான்றாகக் கொள்வது பேதைமை. ஆகவே இங்கே வேறு இரண்டு வழிகளைப் பின்பற்றுகிறேன். ஒரே பண்டிகைக்கு வந்த படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது அவற்றில் ஒன்று. பண்டிகையிலிருந்து கடைசி நேரத்தில் விலகிய படங்களைப் பார்ப்பது மற்றொன்று. முதல் ஒப்பீட்டில் தேதி மாறுவதில்லை. இரண்டாவதில் தேதி மட்டுமாவது மாறுகிறது.

அதற்குமுன் அரங்கின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பெரிய படத்துக்கென அரசாணை பெற்று விலையை உயர்த்துவதுபோல இங்கே சட்டப்படி உயர்த்த முடியாது. காட்சி எண்ணிக்கையும் அனுமதிக்கு உட்பட்டது: வழக்கமாக நான்கு, சிறப்பு அனுமதி கிடைத்தால் ஐந்து. 2023 பொங்கலில் கோயம்பேட்டில் ரசிகர் ஒருவர் கொண்டாட்டத்தின்போது உயிரிழந்த பிறகு அதிகாலைக் காட்சிகளும் நின்றுபோயின. 600 இருக்கை கொண்ட அரங்கில் ஐந்து காட்சி ஓட்டினாலும் 3,000 பேருக்குமேல் உட்கார முடியாது. பண்டிகை நாளில் அந்த அரங்கின் டி.சி.ஆர். எனப்படும் அன்றாட வசூல் தாளை எடுத்துப் பார்த்தால் ஓடப்போகும் படத்துக்கும் ஓடாத படத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் எல்லாக் காட்சியும் ‘ஹவுஸ்ஃபுல்’. விலையும் ஏறாது, இருக்கையும் கூடாது என்றால் மிச்சக் கூட்டம் எங்கே போகும்? புதுச்சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டவர்கள் வீடு திரும்புவதில்லை. அதே வளாகத்தில் எதற்கு டிக்கெட் இருக்கிறதோ அதற்குப் போகிறார்கள். மூன்றாம் நாள் மதியக் காட்சியில்தான் கதை மாறுகிறது. பெரிய படத்துக்குக் கொடுத்திருந்த இரண்டாவது திரையை அரங்கு மேலாளர் சத்தமில்லாமல் சின்னப் படத்துக்கு மாற்றிவிடுவார். பண்டிகைப் போட்டியின் தீர்ப்பு பல ஊர்களில் இந்த மாற்றத்தில்தான் எழுதப்படுகிறது.

2019 தீபாவளிக்கு அக்டோபர் 25 அன்று ‘பிகில்’ வந்தது; அதே நாளில் ‘கைதி’. முதல் நாள் திரைகளில் பெரும்பங்கு விஜய் படத்துக்குப் போயிற்று. பாட்டும் நாயகியும் இல்லாத ‘கைதி’ பேச்சால் வளர்ந்து, இயக்குநர் லோகேஷ் கனகராஜை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. 2023இல் ‘ஜப்பான்’, ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ இரண்டும் நவம்பர் 10 அன்று வந்தன; முன்னது கவிழ்ந்தது, பின்னது நின்றது. 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ பெருவெற்றி. உடன்வந்த ‘பிரதர்’ தோல்வி. ‘அமரன்’ டிக்கெட் கிடைக்காத கூட்டம் ‘பிரதர்’ பக்கம் போயிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். போயிருக்கும், முதல் இரண்டு நாள். வழிந்து வரும் கூட்டம் ஒரு படத்துக்கு வாய்ப்பு தரும்; அதற்குமேல் தேதியால் ஆவது எதுவுமில்லை.

இரண்டு பண்டிகைகளையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியல்ல. தை முதல் நாள் சூரியக் கணக்கில் நிலையானது. தொடர்ந்து மூன்று நாள் அரசு விடுமுறை. வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் விடைபெற்றிருக்கும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை எங்கும் விழலாம், செவ்வாய்க்கிழமையிலும் விழலாம், மழையின் மத்தியிலும் விழலாம். ‘அண்ணாத்த’ வந்த 2021 தீபாவளி வார இறுதியில் சென்னை வெள்ளத்தில் தவித்தது. ‘அமரன்’ வியாழக்கிழமை தீபாவளிக்கு வந்தபோது, மறுநாள் வெள்ளிக்கும் அரசு விடுமுறை அறிவித்ததால் நான்கு நாள் சேர்ந்து கிடைத்தது. ‘பண்டிகைப் படம்’ என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் நாள்காட்டியில் அந்த வாரத்தைப் பார்ப்பதே இல்லை.

இப்போது விலகிய படங்கள். 2013 பொங்கலுக்கு வரவேண்டிய ‘விஸ்வரூபம்’ டி.டி.எச். ஒளிபரப்புச் சர்ச்சையில் தள்ளிப்போய், பிறகு தடையிலும் சிக்கி, தமிழ்நாட்டில் பிப்ரவரி 7 அன்றுதான் வெளியானது. பண்டிகை இல்லாமலே பெரிதாக ஓடியது. அது காலிசெய்த பொங்கலில் பெரிய படமாக இறங்கிய ‘அலெக்ஸ் பாண்டியன்’ படுத்துவிட, நகைச்சுவை நடிகர் சந்தானத்தின் ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’ வென்றது. பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிட்டத்தட்ட அதே காட்சி: 2025 பொங்கலிலிருந்து ‘விடாமுயற்சி’ விலகி பிப்ரவரி 6க்குப் போயிற்று, எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. காலியான இடத்தில் வந்து வசூலை அள்ளியது ‘மத கஜ ராஜா’. இதுவும் 2013 பொங்கலுக்கு வருவதாக இருந்து முடங்கிக் கிடந்த படம்தான்! ‘விஸ்வரூப’த்துக்குச் சர்ச்சை தந்த விளம்பரத்தையும், ‘மத கஜ ராஜா’வுக்குப் பழைய சந்தானத்தைப் பார்க்கும் ஆசை தந்த பலத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பிப்ரவரிக்குப் போன இரண்டு பெரிய படங்களில் ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. பெரிய படம் விலகிய இரண்டு பொங்கலிலும் நகைச்சுவைப் படமே முன்னே வந்தது.

இவ்வளவு தெரிந்தும் தயாரிப்பாளர்கள் ஏன் அந்த நாளுக்கே முட்டிக்கொள்கிறார்கள்? வெளியீட்டு முறை மாறியதில் பாதி விடை இருக்கிறது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. பிரதிகள் குறைவாக இருந்த அக்காலத்தில் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்குப் படம் மாதக்கணக்கில் தாமதமாக வந்தது. தீபாவளி வெளியீடு என்பது நகரத்து முதல்தர அரங்குகளின் சங்கதி. இன்று ஒரே காலையில் மாநிலம் முழுக்கப் படம் இறங்குகிறது. விநியோகஸ்தரின் பங்கு முதல் வாரத்தில் அதிகம், பிறகு வாரந்தோறும் குறையும். நான்கு வாரத்தில் படம் ஓடிடிக்குப் போய்விடுகிறது. வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பண்டிகைத் தேதி அறிவிக்கப்பட்டால் செங்கல்பட்டு, கோவை, மதுரை ஏரியாக்களில் அரங்குகள் அட்வான்ஸ் தரும். அந்த அட்வான்ஸ் கடைசிக்கட்டப் பணமுடையைத் தீர்க்கும். தேதி ஒருவகையில் அடமானப் பத்திரம். படம் ஓடுமா என்பது அடமானம் வைத்தவரின் அப்போதைய கவலை அல்ல.

தயாரிப்பாளருக்கு அது அறிவார்ந்த முடிவாகவே இருக்கலாம். இழப்பு விழுவது வேறிடத்தில்: நிலையான தொகைக்கு ஏரியாவை வாங்கியவர் மீதும், மூன்றாம் நாள் காலியாகும் அரங்கின் மீதும். ஐனாவ் சொன்ன அந்த ஓரிரு வாரத் தள்ளல் தமிழில் நடக்க வேண்டுமானால் அதைக் கேட்க வேண்டியவர்கள் இவர்கள். தேதியை முடிவுசெய்யும் இடத்தில் இவர்களுக்கு நாற்காலி இல்லை. அந்த இடமும் சில ஆண்டுகளாகத் தயாரிப்பாளரிடமிருந்து ஓடிடி நிறுவனங்களின் ஒப்பந்தத் தாளுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது.