மெக்கானிக்கல் ராயல்டி (அமெரிக்கா)

ஒரு பாட்டு இசைத்தட்டாகவோ குறுந்தகடாகவோ பதிவிறக்கமாகவோ பிரதி எடுக்கப்படும்போது, பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் சேரும் தொகை. பாடியவருக்கான ராயல்டி இதில் சேராது. அது தனிக் கணக்கு. பெயரில் உள்ள ‘மெக்கானிக்கல்’ தானியங்கிப் பியானோ காலத்து மிச்சம். துளையிட்ட பியானோச் சுருள்கள் பாட்டின் ‘பிரதி’ ஆகா என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பிரதிக்கு 2 சென்ட் என்று விதித்தது. அந்த 2 சென்ட் 1978 வரை அசையவில்லை. 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட், 2023இல் 12. ஐந்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டுக்கு நிமிடக் கணக்கு.

சட்டம் கொடுப்பதை ஒப்பந்தம் குறைப்பதும் உண்டு. பாடகரே எழுதிய பாடல்களுக்கு முக்கால் பங்கு வீதம், ஆல்பம் ஒன்றுக்குப் பத்துப் பாட்டுக்கு மேல் காசில்லை என்பது பழகிப்போன நிபந்தனை. 9.1 சென்ட் காலத்தில், பன்னிரண்டு பாட்டுள்ள ஒரு குறுந்தகட்டை எடுத்துக்கொள்வோம். பத்துப் பாட்டுக்கு முக்கால் வீதத்தில் மொத்த உச்சவரம்பு 68.25 சென்ட். அதில் வெளியார் எழுதிய மூன்று பாட்டுக்கு முழு வீதத்தில் 27.3 போய்விடும். மீதி 40.95 பாடகரின் ஒன்பது பாட்டுக்கு, ஒன்றுக்கு 4.55, சட்ட வீதத்தில் சரிபாதி. வெளியார் பாட்டு கூடக்கூட இது இன்னும் தேயும். கையெழுத்திடும் நாளில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் இளம் பாடகர்கள் அரிது.

ஸ்ட்ரீமிங்குக்கு வீதம் வேறு. அந்தத் தொகையை 2021 முதல் மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் திரட்டிப் பகிர்கிறது.