'அன்ஸ்கேத்ட்' தெரியும்... 'ஸ்கேத்' எங்கே போச்சு? ஆங்கிலம் தொலைத்த ஒரு சொல்லின் கதை

நெடுஞ்சாலையில் விபத்து. கார் அப்பளம்போல் நொறுங்கிக் கிடக்கிறது. ஆங்கிலச் செய்தி சேனலில் கீழே ஓடும் வரியில் ஒரு சொல் வருகிறது: 'அன்ஸ்கேத்ட்'. அதே செய்தி தமிழில், "ஓட்டுநர் சிறு கீறல்கூட இல்லாமல் உயிர் தப்பினார்" என்று வாசிக்கப்படுகிறது.

'அன்' என்றால் 'இல்லை' என்று எல்லோருக்கும் தெரியும். அப்படின்னா 'ஸ்கேத்' என்றால் என்ன? அதை யாராவது தனியாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோமா?

இல்லை. ஏன்னா அந்தச் சொல் ஆங்கிலப் பேச்சு வழக்கிலிருந்து எப்போதோ விடைபெற்றுவிட்டது. அகராதிகளில் இருக்கிறது, ஆனால் 'பழவழக்கு' என்ற குறிப்போடு. ஒரு காலத்தில் தீங்கு, கேடு, சேதம் என எல்லாவற்றுக்கும் பயன்பட்ட அந்தச் சொல்லுக்கு என்ன ஆனது?

'ஸ்கேத்' என்றால் என்ன?

எஸ், சி, ஏ, டி, ஹெச், இ. இதுதான் எழுத்துக்கூட்டு. பெயர்ச்சொல்லாக வந்தால் தீங்கு, சேதம். வினைச்சொல்லாக வந்தால் தீங்கு செய்வது, காயப்படுத்துவது. உடம்புக்கு வரும் காயம், பொருளுக்கு வரும் நஷ்டம், பெயருக்கு வரும் கேடு என மூன்றுக்கும் இந்த ஒரே சொல் பொருந்தும்.

இன்று இதன் இரண்டு வாரிசுகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன.

• அன்ஸ்கேத்ட்: எந்தப் பாதிப்பும் இல்லாமல்
• ஸ்கேத்திங்: சுட்டெரிக்கும் வகையிலான, மிகக் கடுமையான (விமர்சனம்)

பெற்ற சொல் போய்விட்டது, பிள்ளைகள் இரண்டும் செய்திகளில் தினமும் வந்து போகின்றன.

எங்கிருந்து வந்துச்சு? வைக்கிங்குகளின் கப்பலில்!

கி.பி. 793-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அருகே உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவில் இருந்த மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கேயே குடியேறினார்கள். வடக்கு, கிழக்கு இங்கிலாந்தில் பெரும்பகுதி அவர்கள் வசமானது.

பக்கத்துப் பக்கத்து ஊரில் வாழ்ந்து, கொடுக்கல் வாங்கல் வைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழிச் சொற்கள் நூற்றுக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. ஸ்கை, எக், விண்டோ, ஹஸ்பண்ட், லா ஆகியவை அப்படி வந்தவை. 'அவர்கள்' என்று சொல்லப் பயன்படும் 'தே'கூட நோர்ஸ் இறக்குமதிதான்.

அந்த வரிசையில் வந்ததுதான் 'ஸ்கேத்'. நோர்ஸ் மொழியில் 'ஸ்கதா' என்றால் தீங்கு செய்வது. சுமார் 1200-ஆம் ஆண்டு வாக்கில் இது ஆங்கில எழுத்துகளில் இடம்பிடித்துவிட்டது.

அதுக்கு முன்னாடி ஆங்கிலத்தில் இந்தச் சொல் இல்லையா?

இருந்தது. ஆனால் வேறு உச்சரிப்பில். பழைய ஆங்கிலத்தில் 'ஷாதா' போல ஒலித்த ஒரு சொல், தீங்கு செய்பவன், கொள்ளையன், பகைவன் என்ற பொருளில் வழங்கியது. 'பியோவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் கிரெண்டல் என்ற அரக்கனையும், கடைசியில் வரும் டிராகனையும் குறிக்க இந்தச் சொல்லை ஒட்டிய கூட்டுச்சொற்கள் வருகின்றன. அதாவது, அன்று அது தீங்கை மட்டுமில்லாமல், தீங்கு செய்கிற ஆளையும் குறித்தது.

அப்படியானால் இன்றைய சொல் உள்ளூர்ச் சொல்லின் தொடர்ச்சி இல்லை என்று எப்படித் தெரியும்? ஒலியே சாட்சி. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க' ஒலி காலப்போக்கில் 'ஷ' ஆனது. நோர்ஸ் மொழியில் 'ஸ்க' அப்படியே நின்றது. அதனால்தான் ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் கிடைத்தன. உள்ளூர் வழியில் 'ஷர்ட்', நோர்ஸ் வழியில் 'ஸ்கர்ட்'. உள்ளூர்ச் சொல்லே தொடர்ந்திருந்தால் இன்று 'ஷேத்' என்று இருந்திருக்கும். 'ஸ்கேத்' என்று ஒலிப்பதே அது கடல் தாண்டி வந்ததற்கு அடையாளம்.

ஜெர்மனியில் இன்றும் உயிரோடு!

ஆங்கிலத்தில் மறைந்தாலும் இந்தச் சொல்லின் உறவினர்கள் ஐரோப்பாவில் நலமாக இருக்கிறார்கள்.

• ஜெர்மன்: 'ஷாடன்' என்றால் சேதம். இழப்பீட்டுக்கு 'ஷாடன்எர்சாட்ஸ்' என்று பெயர். இன்சூரன்ஸ் படிவம் நிரப்பும் எந்த ஜெர்மானியரும் இந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது.
• டச்சு: 'ஸ்காடெ' என்றால் சேதம்.
• ஸ்வீடிஷ்: 'ஸ்காடா' என்றால் காயம். விளையாட்டுச் செய்திகளில் சாதாரணமாக வரும்.

சோஷியல் மீடியாவில் அடிக்கடி அடிபடும் 'ஷாடன்ஃப்ராய்ட' இதே குடும்பம்தான். ஷாடன் என்றால் கேடு, ஃப்ராய்ட என்றால் மகிழ்ச்சி. அடுத்தவனுக்குக் கேடு வந்தால் உள்ளுக்குள் வருகிற அந்தச் சின்ன சந்தோஷம். தன் கையில் இருந்த சொல்லைத் தொலைத்த ஆங்கிலம், அதே சொல்லின் ஜெர்மன் வடிவத்தைக் கடன் வாங்கிக்கொண்டது என்பதுதான் வேடிக்கை.

ஸ்காண்டிநேவியா என்ற நிலப்பெயருக்குள்ளேயே இந்த வேர் ஒளிந்திருக்கிறது என்பது மொழியியலாளர்கள் பலருடைய கருத்து. 'ஆபத்தான தீவு' அல்லது 'ஆபத்தான கரை' என்ற பொருளில் அந்தப் பெயர் தோன்றியிருக்கலாம் என்கிறார்கள். ஸ்வீடனின் தெற்கு முனையில் கப்பல்களைக் கவிழ்க்கும் மணல் திட்டுகள் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

கிரேக்கத்திலும் ஒரு தூரத்து உறவு உண்டு. ஹோமரின் காவியங்களில் வரும் 'அஸ்கேதேஸ்' என்றால் 'காயமின்றி'. முன்னால் இருக்கும் 'அ', நம் 'அநியாயம்' என்பதில் வரும் 'அ' போல எதிர்மறை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வேர் 'இல்லை' என்பதோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது.

சாசரும் ஷேக்ஸ்பியரும் எப்படிப் பயன்படுத்தினார்கள்?

14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் பாத் நகரத்துப் பெண்மணி ஒருவர் வருகிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லும்போது, அதை ஒரு 'ஸ்கேத்' என்கிறார் சாசர். இங்கே பொருள் சேதமில்லை. 'அடடா, பாவம்' என்ற அளவுக்குத்தான். இன்றும் ஜெர்மானியர்கள் ஏமாற்றத்தில் 'ஷாடெ' என்பார்கள். அதே 'அடடா'தான்.

ஷேக்ஸ்பியர் காலத்திலும் சொல் உயிரோடு இருந்தது. 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தில் ஜூலியட்டின் தந்தை, விருந்தில் சண்டைக்குத் துடிக்கும் டைபால்ட்டை அடக்கும் இடத்தில் இதை வினைச்சொல்லாகப் பயன்படுத்துகிறார். இந்தப் புத்தி உனக்கே கேடாக முடியும் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம்.

அப்புறம் ஏன் காணாமல் போச்சு?

1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. சட்ட ஆவணங்களில் பிரெஞ்சும் லத்தீனும் முழுவதுமாக விலக 18-ஆம் நூற்றாண்டு வரை ஆனது.

தீங்கு நடந்தால் யார் பொறுப்பு, யார் பணம் கட்டுவது என்று முடிவு செய்யும் இடம் நீதிமன்றம். அங்கே பயன்பட்டவை 'டேமேஜ்', 'இன்ஜுரி' போன்ற லத்தீன் வழிச் சொற்கள். இழப்பீட்டுக்கு இன்றும் ஆங்கிலச் சட்டத்தில் 'டேமேஜஸ்' என்றுதான் பெயர்.

வீட்டுப் பேச்சுக்கோ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'ஹார்ம்' இருந்தது. பிரெஞ்சு வழியே வந்த 'ஹர்ட்' இன்னொரு பக்கம். கோர்ட்டிலும் இடமில்லை, வீட்டிலும் போட்டி. நடுவில் மாட்டிய 'ஸ்கேத்'துக்கு இடம் சுருங்கிக்கொண்டே போனது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது கெட்டியாக நின்றது. ஸ்காட்லாந்து. அங்கே 'ஸ்கேய்த்' என்ற வடிவில் பேச்சிலும் இருந்தது, பத்திரத்திலும் இருந்தது. ஜாமீன் நிற்பவருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வதாக உறுதி தரும் ஸ்காட்டிஷ் ஆவணங்களில் 'ஹார்ம்லெஸ் அண்ட் ஸ்கேய்த்லெஸ்' என்ற தொடர் வரும். 'அன்ஸ்கேத்ட்' என்ற சொல்லும் 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்புவரை பெரும்பாலும் ஸ்காட்லாந்து எழுத்துகளில்தான் தென்பட்டது. பிறகுதான் பொது ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது.

மில்டன் பற்ற வைத்த நெருப்பு

சரி, காயம் என்ற பொருள் கொண்ட சொல், 'ஸ்கேத்திங்' என்று வரும்போது மட்டும் சுடுவது ஏன்?

1667-ல் வெளியான ஜான் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில், வீழ்ந்த தேவதூதர்கள் மின்னல் தாக்கிய காட்டு மரங்களுக்கு ஒப்பிடப்படுகிறார்கள். உச்சி கருகினாலும் நிமிர்ந்து நிற்கும் மரங்கள். மின்னல் மரத்துக்குச் செய்ததைச் சொல்ல மில்டன் எடுத்த வினைச்சொல் இதுதான். அதுக்கப்புறம் அந்தச் சொல்லோடு தீயும் கருகலும் ஒட்டிக்கொண்டன. 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சூடு பேச்சுக்கும் எழுத்துக்கும் ஏறி, சுட்டெரிக்கும் விமர்சனம் 'ஸ்கேத்திங்' ஆனது.

இது தனி ஆள் இல்லை

எதிர்மறை மட்டும் மிஞ்சிய சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் உண்டு.

• ரூத்லெஸ்: இரக்கமற்ற. 'ரூத்' என்றால் இரக்கம். இன்று யாரும் சொல்வதில்லை.
• ஹேப்லெஸ்: அதிர்ஷ்டம் கெட்ட. 'ஹேப்' என்றால் அதிர்ஷ்டம்.
• அன்கெம்ப்ட்: பரட்டையான. 'கெம்ப்ட்' என்றால் சீவிய.

தமிழிலும் 'ஊறு' என்ற சொல்லைத் தீங்கு என்ற பொருளில் தனியாக யாரும் இன்று பேசுவதில்லை. ஆனால் "பொது அமைதிக்கு ஊறு விளைவிக்கும் வகையில்" என்று காவல்துறை அறிக்கையில் இன்றும் வருகிறது. சொற்கள் இப்படித்தான். தனியாக வாழ முடியாதபோது ஒரு தொடருக்குள் ஒண்டிக்கொள்ளும்.

இதைத் தெரிஞ்சு நமக்கு என்ன?

இரண்டு இடங்களில் பொருள் மாறிப்போனால் விஷயமே மாறிவிடும்.

முதலாவது, விபத்துச் செய்தி. 'அன்ஸ்கேத்ட்' என்றால் காயமே இல்லை என்று பொருள். 'உயிர் தப்பினார்' என்றால் உயிர் இருக்கிறது என்பது மட்டுமே. கால் முறிந்து ஐசியூவில் இருப்பவரும் உயிர் தப்பியவர்தான், ஆனால் அவர் 'அன்ஸ்கேத்ட்' இல்லை. வெளியூரில் விபத்து என்று கேள்விப்பட்டு, மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. 'லார்ஜ்லி அன்ஸ்கேத்ட்' என்று வந்தால் 'பெரிய பாதிப்பு இல்லை' என்றுதான் பொருள். பாதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, நீதிமன்றச் செய்தி. 'ஸ்கேத்திங் ரிமார்க்ஸ்' என்றால் கடும் வார்த்தைகள். அது தீர்ப்பு இல்லை. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின்போது தேர்தல் ஆணையம் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்ன கருத்துகள் ஆங்கில ஊடகங்களில் இப்படித்தான் வர்ணிக்கப்பட்டன. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வார்த்தைகள் கடுமையானவை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், வாய்மொழிக் கருத்துகள் நீதிமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவில் இடம்பெறாதவை என்பதால் அவற்றை நீக்கும் கேள்வியே எழவில்லை என்று 2021 மே மாதம் தெளிவுபடுத்தியது. ஊடகங்கள் அவற்றை வெளியிடத் தடை விதிக்கவும் மறுத்துவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால்...

• 'ஸ்கேத்' என்றால் தீங்கு, சேதம். நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.
• 'ஹார்ம்', 'ஹர்ட்', 'டேமேஜ்', 'இன்ஜுரி' ஆகியவற்றுக்கு நடுவில் இடம் இழந்தது.
• ஸ்காட்லாந்து அதைக் காப்பாற்றி வைத்தது, மில்டன் அதில் தீ வைத்தார்.
• இன்று மிஞ்சியிருப்பது 'காயமில்லை' என்ற நல்ல செய்தியும், 'சுட்டது' என்ற கடும் விமர்சனமும்தான்.

அடுத்த முறை திரையின் கீழே 'அன்ஸ்கேத்ட்' என்று ஓடினால் தைரியமாக மூச்சு விடலாம். அந்த நபர் பிழைத்துக்கொண்டார் என்பதோடு, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது.